வர்ணனை இல்லாத ஃபைனல்

பல்செட்காரருக்கு இரண்டு பேரைக் கண்டால் ஆகாது. ஒருவர், பழைய ஒலிப்பதிவுகளின் கரகரப்பையெல்லாம் துடைத்தெடுத்துப் புது அட்டை போட்டு விற்பவர். இன்னொருவர், டிவியில் விளையாட்டுக்கு வர்ணனை சொல்பவர். இரண்டு பேரும் செய்வது ஒரே காரியம்தான் என்பது அவர் கட்சி. தன்பாட்டுக்கு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற ஒன்றின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வது.

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். வீட்டு முன்னறைதான் பட்டறை. அலமாரி நிறைய வெள்ளைத் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக இருக்கும். அவர் போடுகிற ஜாஸ் சங்கீதத்தை எழுந்து போகாமல் கேட்டவர்கள் இந்த ஊரில் அந்தத் தாடைகள் மட்டும்தான். பின்னறையில் முன்னூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "வர்றவ எங்க உக்காருவா, அந்தத் தட்டு மேலயா?" என்று அவருடைய அக்காவே பதில் சொல்லிவிடுவார்.

அபிப்பிராயங்களுக்குக் குறைச்சலே இல்லை. ஸ்டீரியோ வந்ததோடு சங்கீதம் கெட்டது என்பார். அந்தக் காலத்தில் அறைக்கு ஒரே மைக். ட்ரம்பெட்காரன் தன் முறை வந்தால் எழுந்து மைக்குக்குப் பக்கத்தில் வரவேண்டும், முடிந்ததும் மரியாதையாகப் பின்னால் போய்விட வேண்டும். இப்போது ஆளுக்கொரு மைக், அதனால் ஆளுக்கொரு தலைக்கனம். அவரிடம் ஒரு கச்சேரிப் பதிவு உண்டு. அதில் பேஸ்காரன், அதாவது ஆளுயரப் பிடிலில் அடிச்சுரம் மீட்டுகிறவன், தனியாக வாசிக்கத் தொடங்குவதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால் கூட்டத்தில் யாரோ ஒருவன் இருமுவான். புதுப் பதிப்பில் அந்த இருமலை எடுத்துவிட்டார்களாம். அது தெரிந்த அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. "இருமலை எடுத்துட்டா, எப்ப ஆரம்பிக்கணும்னு பேஸ்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கேட்டது தாடைகளிடம்தான்.

விளையாட்டிலும் இதே கதைதான். குத்துச்சண்டை வெறும் ட்ரம்ஸ், மேலே ஒன்றும் கிடையாது. நீச்சலில் ஒருத்தன் முகமும் தெரியாது, அதை எதற்கு டிவியில் காட்டுகிறார்கள் என்பதே அவருக்குப் புரியவில்லை. கால்பந்து ஒன்றுதான் உருப்படி. அதில் கோல்கீப்பர்தான் பேஸ்காரன், தப்புப் பண்ணும்வரை அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆனால் சத்தத்தை மூடிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு நல்ல தட்டு ஓட வேண்டும். அப்படிப் பார்க்காதவன் கால்பந்தே பார்க்கவில்லை.

இதையெல்லாம் முழுசாகக் கேட்டுவிட்டு முழுசாக எதிர்த்த ஒரே மனிதர் அக்காவின் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். "உன் ஜாஸ் என்ன தெரியுமா மாப்ளே? ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் மாட்டிக்கிச்சு. உள்ள இருக்கிற அஞ்சு பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்றான். அந்தச் சத்தம்." அத்தானுக்கு உயிர், சிவப்புச் சட்டை அணி. இருபத்தாறு வருஷமாக ஒரு கோப்பையும் வாங்காத அணி. மேட்ச் என்றால் வர்ணனை தெருமுனைவரை கேட்க வேண்டும் அவருக்கு. அதனால் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டில் சத்தத்தோடு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல்செட்காரர் வீட்டில் சத்தமில்லாமல். இருபது வருஷமாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

சிவப்புச் சட்டை ஃபைனலுக்கு வந்த வாரத்தில்தான் அத்தானின் வலது கண்ணில் விழித்திரை கழன்றது. இடது கண்ணில் சின்ன வயசிலிருந்தே பார்வை கிடையாது. ஆகவே இருந்தது இந்த ஒன்றுதான். உடனே ஆபரேஷன் என்றார்கள். ஆபரேஷன் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, ஃபைனலும் அன்றைக்கே நாலு மணிக்கு. தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு போகும்போது அத்தான் மைத்துனரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து இவர் குனிந்தார்.

"மாப்ளே, ஃபைனலை கேசட்ல புடிச்சு வை. வர்ணனையோட. பாக்கத்தான் முடியாது, கேக்கவாவது செய்யறேன். உன் புத்தியக் காட்டிடாதே."

"காட்ட மாட்டேன் அத்தான்."

"முடிவு என்னன்னு ஒருத்தரும் எங்கிட்ட மூச்சு விடக் கூடாது."

பல்செட்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள். வீட்டுக்குப் போய் டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வயர் இழுத்தார். தொண்ணூறு நிமிஷ கேசட், பக்கத்துக்கு நாற்பத்தைந்து, கால்பந்துக்கென்றே அளந்து செய்ததுபோல. ஆம்ப்ளிஃபையரில் ஒரு திருகு ஸ்விட்ச் உண்டு: டிவி, ரேடியோ, தட்டு. அது எதைக் காட்டுகிறதோ அந்தச் சத்தம்தான் கேசட்டில் ஏறும். டிவிக்குத் திருப்பி, பதிவுப் பொத்தானை அமுக்கி, நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

இரண்டு நாள் கழித்து அத்தானை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கண்ணுக்குள்ளே ஒரு காற்றுக்குமிழி விட்டிருக்கிறது. அது விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அது ஒட்டிக்கொள்கிறவரை. அதற்கு ஏழு நாள் குப்புறத்தான் கிடக்க வேண்டும். தலையைத் தூக்கினால் குமிழி நகரும், ஒட்டினது பெயர்ந்துகொள்ளும்.

"பெயர்ந்துட்டா?" என்று அக்கா கேட்டார்.

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தலையத் தூக்காம பாத்துக்குங்கம்மா" என்றார்.

அத்தானோடு வேலை பார்க்கிறவர்கள் வந்து, கட்டில் பலகையில் முகம் அளவுக்கு ஒரு ஓட்டை அறுத்து, விளிம்பில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அத்தான் அதில் முகத்தைப் பொருத்திக்கொண்டு, கண்ணில் கட்டோடு, தரையைப் பார்த்தபடி கிடந்தார். பார்த்தபடி என்பது பேச்சுக்கு.

அடுத்த நாள் மத்தியானம் பல்செட்காரர் கேசட் பிளேயரும் கையுமாக வந்தபோது அக்கா அவரை வாசலிலேயே மடக்கினார். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர், வரிசையில் நிற்காதவனை நிற்க வைக்கிற குரல் அவருக்கு.

"தம்பி, அந்த மேட்ச்சுல யாரு ஜெயிச்சா?"

"ஏங்க்கா?"

"ஜெயிச்சிருந்தா இந்த மனுஷன் துள்ளிக் குதிப்பாரு, கண்ணு போயிடும். தோத்திருந்தா குமுறிக் குமுறி அழுவாரு, அதுவும் கண்ணுக்கு ஆகாது. சமம்னு முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிடு."

"ஃபைனல்ல சமம் கிடையாதுக்கா. யாராவது ஒருத்தர் ஜெயிச்சே ஆகணும்."

"இது என்ன அநியாயமா இருக்கு" என்றார் அக்கா. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நீ எப்படியாவது சொல்லு, என்னவோ பண்ணு. அவர் தலை மட்டும் மேல வரக் கூடாது. வந்துச்சு, அப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வராதே." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பல்செட்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கேசட்டை ஓட விட்டார். வர்ணனையாளரின் குரல் கணீரென்று வந்தது. மைதானத்தில் லேசான ஈரம், காற்று கிழக்கிலிருந்து, ரெஃப்ரிக்கு இது எட்டாவது பெரிய ஆட்டம், அவருடைய மாமனாரும் ஒரு காலத்தில் ரெஃப்ரியாக... அங்கே 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி பியானோ.

அத்தான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே இது, விளம்பரமா?"

"ஆமா அத்தான். விளம்பரம்."

 என்ன நடந்தது என்று பல்செட்காரருக்கு இப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு அந்த ஆள் ரெஃப்ரியின் மாமனாரை இழுத்ததுமே பொறுக்க முடியாமல், இருபது வருஷப் பழக்கத்தில், கை தானாகப் போய் ஸ்விட்ச்சைத் தட்டுக்குத் திருப்பிவிட்டது. டிவியில் ஆட்டம் ஓடியது, தட்டில் ஜாஸ் ஓடியது, கேசட் பாவம் தனக்குக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒன்று முடிய அடுத்த தட்டைப் போட்டது, இடைவேளையில் கேசட்டை ஒழுங்காகத் திருப்பிப் போட்டது, எல்லாம் ஞாபகம் இருந்தது. திருப்பிப் போடும்போதாவது ஸ்விட்ச் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா?

"விளம்பரம் ரொம்ப நேரமா ஓடுதே" என்றார் அத்தான்.

"அத்தான், ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சு."

சொன்னார்.  அத்தானின் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய் இவர் எழுந்தார்.

"இருபத்தாறு வருஷம்" என்றார் அத்தான் தரையைப் பார்த்து. "இருபத்தாறு வருஷம் கழிச்சு ஒரு ஃபைனல். அதை லிஃப்ட்டுக்குள்ள போட்டு அடைச்சுட்டியே, பாவி." சிரிப்பா அழுகையா என்று மேலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, "நீ பாத்தே இல்ல? நீயே சொல்லு" என்றார்.

"நானா? வர்ணனையா?"

"வேற யாரு, உன் தாடைங்களா? எங்கேயோ மேல உக்காந்துக்கிட்டு முதுகுக்குச் சொல்லாதே. கீழ வா."

ஐம்பத்துநாலு வயசில் பல்செட்காரர் பாயை விரித்து, மல்லாந்து படுத்து, கட்டிலுக்கு அடியில் நகர்ந்து போனார். ஓட்டை வழியாக அத்தானின் முகம் தொங்கியது. ஒரு பக்கம் கட்டு, இன்னொரு பக்கம் சும்மா திறந்திருந்த கண், கீழே மீசை. அத்தானுக்கு மேல் வரிசையில் கடைவாய்ப்பல் ஒன்று தேய்ந்திருப்பதை இவர் கவனித்தார். தொழில் புத்தி எங்கே போகும். ஓட்டைக்குச் சற்றுத் தள்ளி, காதுக்கு நேராகத் தலையை வைத்துக்கொண்டார்.

என்ன சொல்வது என்று ஒன்றும் ஓடவில்லை. யார் யாருக்கு உதைத்தான், எப்போது, எதுவும் தலையில் இல்லை. "நம்ம ஆளுங்க நல்லாத்தான் ஆடினாங்க" என்று ஆரம்பித்தார். அது தபால்கார்டில் எழுதுகிற மாதிரி இருந்தது. அப்போது கேசட்டில் பியானோ ஓர் இடத்தில் நின்று திரும்பியது. உடனே அவருக்குப் பச்சைப் புல்லும், அதில் சிவப்புச் சட்டை பத்தாம் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன.

"இங்கதான் அத்தான். இந்தப் பியானோ நின்னுச்சு பாருங்க, இங்கதான் பத்தாம் நம்பர் பந்தை வாங்கினான். வாங்கின உடனே அடிக்கல. காத்துக்கிட்டு நின்னான்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. எதிராளி முதல்ல தப்புப் பண்ணட்டும்னு."

"பண்ணினானா?"

"பண்ணினான். இப்ப பாருங்க, ட்ரம்ஸ் ஓடுது இல்ல, இவனும் ஓடறான்."

அதற்கப்புறம் மடை திறந்தது. ஆட்டம் முழுக்க அந்தத் தட்டுகளில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவருக்கே அது தெரியாமல். சாக்ஸஃபோன் ஒரு சுரத்தை இழுத்தால், அந்த இழுப்பு முடிகிற இடத்தில் ஒரு கார்னர். ட்ரம்பெட் இரண்டு தரம் பிசிறினால், அங்கே இரண்டு பேர் மோதி விழுந்தார்கள். இருபத்தேழாவது நிமிஷத்தில் ஒரு மெதுவான பாட்டு வந்தது. பல்செட்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதுல நம்ம மேல ஒரு கோல் விழுது அத்தான். பதறாதீங்க. தலையை அப்படியே வைங்க."

"எப்படிப்பா விழுந்துச்சு? நம்ம கோல்கீப்பர் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?"

"ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தான்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அத்தான் அந்தக் கோல்கீப்பரின் குடும்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். தலை அசையவில்லை.

பல்செட்காரருக்குச் சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. எத்தனையோ நல்ல இடங்கள் வந்து வந்து போயின. ஒரு ட்ரம்பெட் வரிசை, ஆயிரம் தடவை கேட்டது, அதற்காக வாயை மூடிக்கொண்டால் உடனே மேலிருந்து, "ஏன் நிறுத்திட்டே? பேசு மாப்ளே" என்று குரல் வரும். கொஞ்சம் அவசரமாகவே வரும். தான் ஏறி உட்கார்ந்திருப்பது யார் தலைமேல் என்று பல்செட்காரருக்குத் தெரியாமல் இல்லை. வர்ணனைக்காரர்கள் மேல் வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு இரக்கம் பிறந்தது. பாவம், அவர்களையும் யாரோ நிறுத்த விடுவதில்லை போலிருக்கிறது.

இடையில் ஒரு தடவை ஊர்ந்து வெளியே வந்து கேசட்டைத் திருப்பிப் போட்டார். இரண்டாம் பாதியில் அந்த இருமல் கச்சேரித் தட்டு வந்தது. "இப்ப ஒருத்தன் இருமுவான்" என்றார். இருமினான். "பெனால்டி."

"நமக்கா?"

"நமக்கு. பத்தாம் நம்பர் பந்தை வைக்கிறான். பேஸ்காரன் மட்டும் வாசிக்கிறான் பாருங்க, வேற ஒருத்தனும் வாசிக்கல. மைதானத்துலயும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் சத்தம் வைக்கல, ஆனா அப்படித்தான் இருந்திருக்கும்." அத்தானின் விரல்கள் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடிப்பது இவருக்குக் கீழிருந்து தெரிந்தது. "இடது மூலை. கோல்கீப்பர் வலது பக்கம் விழுந்தான். ஒண்ணுக்கு ஒண்ணு."

அத்தான் பெருமூச்சு விட்டார். அது நேராக இவர் காதுக்குள் போயிற்று.

பிறகு ஆட்டம் இழுத்தது. பியானோவும் பேஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தபோது கேசட் 'டக்' என்று நின்றது. தொண்ணூறு நிமிஷம் முடிந்துவிட்டது. மேட்ச் முடியவில்லை. கடைசியில் ரெஃப்ரி கொடுத்த கூடுதல் நாலு நிமிஷம் கேசட்டில் ஏறவே இல்லை.

"ஒண்ணுக்கு ஒண்ணு" என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அப்ப சமம்தானே? முடிஞ்சுதுல்ல? வா தம்பி, டீ ஆறுது."

பல்செட்காரர் பலகையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இப்படியே எழுந்து போய்விடலாம். மிச்சத்தை ஏழு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம், கண்ணுக்கும் நல்லது, அக்காவுக்கும் நிம்மதி. ஆனால் மேலே அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஆட்டத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போவது, இருமலைத் துடைத்தவன் செய்கிற வேலை. தன்னால் அது ஆகாது.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு அத்தான்" என்று ரகசியமாகச் சொன்னார். "பாட்டு கிடையாது. வெறும் வாயால சொல்றேன். தலையக் கெட்டியா வச்சுக்குங்க."

"சொல்லு."

"நம்ம கோல்கீப்பர் பந்தைப் புடிச்சான். அவனேதான், ஷூ லேஸ்காரன். கையால உருட்டி விடறான். பத்தாம் நம்பர் வாங்கறான். ஒருத்தனைத் தாண்டிட்டான். ரெண்டாவது ஆளையும் தாண்டிட்டான். அடிக்கப் போறான்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அடிக்கல அத்தான், நிக்கிறான், மறுபடியும் காத்துக்கிட்டு நிக்கிறான், எதிராளி கோல்கீப்பர் தாங்க முடியாம முன்னால வந்துட்டான், இப்ப மேல தூக்கி, அவன் தலைக்கு மேல, அப்படியே..."

"கோல்" என்று கத்திக்கொண்டு எழுந்தது பல்செட்காரர்தான்.

நெற்றி பலகையில் போய் மோதிய சத்தத்தில் கட்டில் ஒரு தடவை அதிர்ந்தது. அவருக்குக் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. அடுத்த கணமே, அத்தானின் தலை என்று நினைவு வந்து உயிரே போய்விட்டது. அக்கா டீயைக் கொட்டிவிட்டு ஓடி வந்தார்.

"யாரு தலையத் தூக்கினது?"

"நான்தான்க்கா" என்றார் கட்டிலடியிலிருந்து.

அத்தான் ஆடவில்லை, அசையவில்லை. ஓட்டையில் முகம் வைத்தது வைத்தபடி இருந்தது. அக்கா அவர் தலையைத் தடவிப் பார்த்து, கட்டைத் தொட்டுப் பார்த்து, ஆறுதலாகி, தம்பியை வெளியே இழுத்துப் போட்டு, நெற்றியில் ஈரத்துணியை வைத்து அழுத்தினார். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினார்.

"ஜெயிச்சுட்டோம் அத்தான்" என்றார் பல்செட்காரர் துணிக்கு அடியிலிருந்து. "ரெண்டுக்கு ஒண்ணு. நீங்க குதிக்கவே இல்லையே."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஜெயிச்சது. ஆபரேஷன் முடிஞ்சு முழிச்சப்பவே ரோட்டுல ஹார்ன் அடிச்சுக்கிட்டுப் போனானுங்க. தோத்தா எவன் ஹார்ன் அடிப்பான்?"

பல்செட்காரர் துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். கோபம் வந்தது. "அப்புறம் எதுக்கு என்னை ஒன்றரை மணி நேரம் கட்டிலுக்கு அடியில போட்டு வதைச்சீங்க?"

 அக்கா கொட்டின டீயைத் துடைக்கப் போகிறவரை இருந்துவிட்டு, அத்தான் மெதுவாகச் சொன்னார்.

"பயமா இருக்கு மாப்ளே. முப்பது வருஷமா லிஃப்ட் குழிக்குள்ள இறங்கறேன். ஒரு நாளும் இருட்டுக்குப் பயந்ததில்ல, டார்ச் இருக்கும் கையில. இப்ப ராத்திரியும் இதே, பகலும் இதே. உங்க அக்கா முன்னால சொன்னா அவ உடைஞ்சு போயிடுவா. நீ பேசிக்கிட்டு இருந்தே, அது தெரியல."

  பல்செட்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டே கட்டிலுக்கு இன்னும் கிட்டே நகர்ந்தார்.

"வேற மேட்ச் ஏதாவது வச்சிருக்கியா?" என்றார் அத்தான்.

"மேட்ச் இல்ல. தட்டுதான் இருக்கு."

"அதையே கொண்டா. ஆனா இன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லணும். பந்து யார்கிட்ட இருக்கு, யாரு ஓடறான், எல்லாம்."

ஜாஸில் பந்து கிடையாது என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் விட்டார்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்து விளக்கடித்துப் பார்த்தார். இப்போதைக்கு நகரவில்லை, மிச்ச நாளையும் பார்ப்போம் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. மத்தியானம் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பல்செட்காரர் வந்தார், ஒரு பையில் தட்டு ஓட்டுகிற பிளேயரும் இன்னொரு பையில் பதினோரு தட்டுகளுமாக. அக்கா கட்டில் பலகைக்கு அடியில் ஒரு தலையணையைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். இவர் தட்டைப் போட்டுவிட்டு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார்.

முதலில் பேஸ் மட்டும் வந்தது, தாழ்வாக, அவசரமில்லாமல்.

"பேஸ்காரன்கிட்ட பந்து" என்றார்.

"தனியாவா நிக்கிறான்?" என்று கேட்டார் அத்தான்.

ட்ரம்ஸ் வர இன்னும் எட்டுத் தாள அடி இருந்தது. அது இவருக்கு நன்றாகத் தெரியும்.

"இல்ல அத்தான்" என்றார். "பக்கத்துலயே ஆள் இருக்கு."